தாக் தாக் தாகியாவா, சப்அ தூபாத்தா?

எகிப்துப் பிள்ளைகளின் இந்த இரு விளையாட்டுகளில், பெரிதும் சிறிதுமாக வயது கலந்த கூட்டத்துக்குத் 'தாக் தாக் தாகியா'தான் சரி. எல்லோரும் உள்நோக்கி வட்டமாக உட்கார்ந்து பாட, ஒருவர் துணித் தொப்பியோடு வெளியே சுற்றிவந்து யாராவது ஒருவரின் முதுகுக்குப் பின்னால் நைசாகப் போடுவார். உணர்ந்தவர் அதை எடுத்துத் துரத்த வேண்டும். போட்டவர் பிடிபடாமல் ஓடி அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தால் தப்பினார். ஆள் குறைந்தால் வட்டம் சிறுத்து, துரத்துபவர் எழுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். பாட்டு தொய்ந்தாலோ தொப்பி விழும் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

'சப்அ தூபாத்'துக்கு இரண்டு அணி, ஒரு பந்து, ஏழு தட்டைக் கற்கள். பெரிய கல் அடியில் இருக்கட்டும். பந்தெறிந்து அடுக்கைக் கலைத்த அணியே அதை மறுபடி அடுக்க வேண்டும். எதிரணி பந்தால் அடித்து ஒவ்வொருவராக வெளியேற்றும். எதிரணி அடுக்கருகிலேயே காவல் நின்றால் ஆட்டம் செத்துவிடும், நாலைந்து எட்டு தள்ளி நிற்கச் சொல்லுங்கள். சின்னதுகளும் சேர்ந்தால் துணிப்பந்து போதும்.