14 மாதம் கட்டிய வோச்சும் என் நித்திரையும்

கல்முனை மச்சாள் போன கிழமை போன் எடுத்தாள். நான் கட்டியிருக்கிற அதே ஸ்மார்ட் வோச் இப்போது விலை இறங்கியிருக்கிறதாம். "அதைக் கட்டினா நித்திரை வருமா மச்சாள்?" என்று கேட்டாள். அவளுக்கும் என்னைப் போலத்தான், தலையணையில் சாய்ந்ததும் தலைக்குள் சந்தை கூடிவிடும். போனில் சொல்லி முடியவில்லை, அதுதான் எழுதுகிறேன்.

பேட்டரியில் குறை இல்லை. பட்டி ஒருமுறை அறுந்தது, டவுனில் மாற்றினேன், சரி. என் கோபமெல்லாம், இரவு எப்படி நித்திரை கொண்டேன் என்று அது காலையில் 100க்குப் போடுகிற நித்திரைப் புள்ளி மேல்தான்.

ஒரு இரவைச் சொல்கிறேன். மகளின் ஓ.எல். டியூஷன் காசு, அம்மாவின் கிளினிக் நாள், வேலையிடத்தில் பொருந்தாமல் நிற்கிற ஒரு கணக்கு, மூன்றும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தன. 1.20க்கு விழித்தவள் காத்தான்குடிப் பக்கமிருந்து பள்ளிவாசல் பாங்கு கேட்கும் வரை முகட்டைப் பார்த்தபடி கிடந்தேன், பக்கத்தில் மகள் எழும்பிவிடக் கூடாதென்று புரளக்கூட இல்லை. விடிந்து பார்த்தால் 6 மணி 10 நிமிட நித்திரை, புள்ளி 81! பழுது என்று நினைத்தேன். பழுதில்லை. கையின் அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்துத்தான் இது நித்திரையை ஊகிக்கிறது, அதனால் அசையாமல் விழித்துக் கிடக்கிற நேரத்தையும் பல தரம் நித்திரையில் சேர்த்துவிடும். நித்திரை வராதவர்கள் செய்வதே அப்படிக் கிடப்பதுதானே?

நன்றாக நித்திரை கொண்ட ஒரு நாள் 58 போட்டது, அதைப் பார்த்ததிலிருந்து அன்று பகல் முழுக்க உடம்பு அசதியாகவே இருந்தது. பிறகு பிறகு, படுக்கும்போதே இன்றைக்கு எத்தனை வருமோ என்பது நாலாவது யோசனையாகச் சேர்ந்துவிட்டது. இந்தப் புள்ளிக் கவலைக்கு 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 'ஓர்தோசோம்னியா' என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று சொல்லாமல் விட்டால் அநியாயம். இதன் அதிரும் அலாரம் இருக்கிறதே, அது தங்கம். 5.15க்குக் கைக்குள் பொன்வண்டைப் பிடித்த மாதிரி இரண்டு தரம் அதிரும், வீட்டில் வேறு ஒருவரும் எழும்ப மாட்டார்கள். டொக்டர் எனக்குச் சொன்ன முதல் விஷயமே, இரவு எப்படிப் போனாலும் ஞாயிற்றுக்கிழமை என்றாலும் ஒரே நேரத்துக்கு எழும்ப வேண்டும் என்பதுதான். பகலில் படுக்கக் கூடாது. ஒரு 20 நிமிடம் போலக் கிடந்தும் நித்திரை வராவிட்டால் கட்டிலை விட்டு எழும்பி வேறு இடத்தில் இருக்க வேண்டும், கண் சொருகும்போதுதான் திரும்பப் படுக்க வேண்டும். நாள்பட்ட நித்திரையின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இந்த மாதிரிப் பயிற்சியைத்தான் செய்ய வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரியும் 2016இல் சொல்லியிருக்கிறது. முதல் இரண்டு கிழமை உயிர் போனது. மூன்றாவது கிழமை பத்தரைக்கே கண் சொருகியது, நான் அழுதுவிட்டேன்.

மற்றது கொப்பி. குசினி மேசையில் ஒரு சி.ஆர். கொப்பி, படுக்க முன் 5 நிமிடம், நாளைக்குச் செய்ய வேண்டியதை மட்டும் எழுதுவேன்: "10 மணிக்கு வங்கி, அம்மாவின் கிளினிக் கொப்பி பேக்கில்." 2018இல் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்துப் பார்த்தபோது, நாளைய வேலையை எழுதியவர்கள் முடித்த வேலையை எழுதியவர்களை விட ஏறக்குறைய 9 நிமிடம் முந்தி நித்திரையானார்கள். எனக்கு அந்த 9 நிமிடம் பெரிசு. எழுதி மூடினால் அந்த வங்கி திரும்பத் திரும்ப வராது.

சரி, வாங்கலாமா? வாங்காதே மச்சாள். அந்த அலாரத்தை நிறுத்தினவுடன் முதலில் முகத்துக்கு நேரே வருவது புள்ளிதான், அதை மறைக்க வழி தேடித் தேடிக் களைத்துவிட்டேன். நேற்றும் பாதி இரவு விழித்திருந்தேன், 84 போட்டிருக்கிறது. நித்திரைக்கென்று இதற்குக் காசு கொடுக்காதே. வேண்டுமென்றால் ஒரு கிழமை என்னுடையதைக் கட்டிப் பார், எழும்பும் அலாரத்துக்கு மட்டும். அடுத்த ஞாயிறு திருப்பித் தந்துவிடு, அது இல்லாமல் என்னால் 5.15க்கு எழும்ப முடியாது.