‘ஸ்கோபஸ் கேரண்டி’ என்று சொல்பவரிடம் கட்டுரையைக் கொடுக்காதீர்கள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் பிஎச்டி செய்பவர்கள், முதல் கட்டுரையை எங்கே அனுப்புவது என்று தேடிக்கொண்டிருப்பவர்கள், யாருக்காவது பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்.

என் ஆய்வு நிலத்தடி நீர் பற்றியது. தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கம் கடலோரக் கிணறுகளில் தண்ணீர் எடுத்து, உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்தேன். புதுச்சேரியில் தீசிஸ் டைப்பிங், பைண்டிங் செய்து தரும் ஒருவர், “ஸ்கோபஸ் கேரண்டி மேடம், யூஜிசி கேர் வேணும்னாலும் போட்டுத் தரலாம்” என்று சொல்லி ஜிபேயில் 14,000 ரூபாய் வாங்கினார். (ஸ்கோபஸ் என்பது ஆய்வு இதழ்களைத் தொகுக்கும் சர்வதேசத் தரவுத்தளம்; யூஜிசி கேர் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி வைத்திருந்த தரமான இதழ்களின் பட்டியல்.) அந்த வாரமே இதழிலிருந்து ஏற்புக் கடிதம் வந்துவிட்டது.

நல்ல இதழில் இதழாசிரியர் முதலில் படிப்பார். பிறகு அதே துறையில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். மாதக்கணக்கில் ஆகும். எனக்கு வந்த மதிப்பாய்வு அறிக்கையில் இருந்தது இரண்டே வரி: ஆங்கிலத்தைச் சரிசெய்யவும், மேற்கோள்களைக் கூட்டவும். கிணறு எத்தனை அடி ஆழம், மழைக்கு முன் எடுத்த தண்ணீரா பின் எடுத்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை.

பணம் போனதைவிட என்னைக் கொதிக்க வைத்தது அட்டவணை. பக்கம் அமைக்கும்போது அட்டவணையின் இரண்டு நெடுவரிசைகளின் தலைப்பை மாற்றிப் போட்டுவிட்டார்கள். தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவை உணர்த்தும் மின்கடத்துத்திறன் எண்கள் குளோரைடு என்ற தலைப்பின் கீழ் வந்திருக்கின்றன. குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1000 வரை போகலாம் என்பது இந்தியத் தரநிலை. மின்கடத்துத்திறன் 900 காட்டிய நல்ல கிணறு, அந்த அட்டவணைப்படி குளோரைடு 900 உள்ள உப்புக் கிணறு. அதில்தான் ஒரு தெருவே குடிக்கத் தண்ணீர் எடுக்கிறது! திருத்தச் சொல்லி எழுதினேன், அதற்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள். சரி, கட்டுரையையே எடுத்துவிடுங்கள் என்றால் அதைவிடப் பெரிய தொகை. வேறு இதழுக்கும் அனுப்ப முடியாது. ஏற்கெனவே வெளியானதைப் புதிதுபோல மறுபடி கொடுப்பது ஆய்வு நெறிக்கு விரோதம். பதிப்புரிமைப் படிவத்திலும் முதலிலேயே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வெயிலில் அலைந்து சேர்த்த தரவு முழுக்க அங்கே மாட்டிக்கொண்டது.

அப்புறம் எங்கள் நூலகர்தான் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். ஸ்கோபஸ் ஒரு இதழைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டாலும் அதில் வந்த பழைய கட்டுரைகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதனால் பெயரைத் தேடினால் இதழ் வரத்தான் செய்யும்; எந்த ஆண்டு வரை என்று அதே பக்கத்தில் பார்க்க வேண்டும். பார்க்கக் கட்டணம் கிடையாது. நான் பணம் கட்டிய இதழ் ஸ்கோபஸில் எப்போதோ நிறுத்தப்பட்டிருந்தது. யூஜிசி கேர் பட்டியலை யூஜிசியே 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இன்னும் அந்தப் பெயரைச் சொல்லிக் காசு கேட்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஐஎஸ்எஸ்என் என்பது இதழுக்குத் தரும் வெறும் அடையாள எண், தரச் சான்று கிடையாது. இம்பாக்ட் ஃபேக்டர் (ஒரு இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவு) என்று துறையில் மதிப்பது கிளாரிவேட் நிறுவனம் வெளியிடுவதைத்தான்.

கட்டணம் வாங்கும் இதழெல்லாம் மோசடி என்று நினைத்துவிட வேண்டாம். எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடும் நல்ல இதழ்கள் பல, எழுதியவரிடம் பணம் வாங்குகின்றன. தொகையைத் தளத்திலேயே வெளிப்படையாகப் போட்டிருப்பார்கள். ஆனால் மதிப்பாய்வுக்கு முன்பே ‘கேரண்டி’ என்ற பேச்சு எந்த நேர்மையான இதழிலும் வராது. இடையில் தரகரும் இருக்கமாட்டார்.

இவர்கள் பிழைப்பதே நம் அவசரத்தில்தான். தீசிஸ் கொடுக்கும் முன் கட்டுரை வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யூஜிசி 2022 விதிமுறைகளிலேயே நீக்கிவிட்டது. பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் அதை வைத்திருக்கலாம். அதனால் உங்கள் பல்கலைக்கழக விதியை எழுத்தில் வாங்கிப் படியுங்கள், சீனியர் சொன்னார் என்று ஓடாதீர்கள்.

ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ல் புகார் கொடுங்கள். நானும் கொடுத்திருக்கிறேன். அட்டவணை இன்னும் திருத்தப்படவில்லை. கடலூர்க் கடலோர நீர் பற்றி வேலை செய்பவர்கள் யாராவது அந்தக் கட்டுரையைப் பார்த்தால், அதில் உள்ள குளோரைடு எண்களைத் தயவுசெய்து எடுத்தாளாதீர்கள். சரியான அட்டவணை என்னிடம் இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறேன்.