செய்க்கென் டென்செட்ஸு 3, மதர் 3: ரசிகர் மொழிபெயர்ப்புப் பேட்ச்களோடு நீண்ட காலம்

ஜப்பானில் மட்டும் வெளியான பழைய கேம்களுக்கு ரசிகர்கள் செய்த ஆங்கிலப் பேட்ச்களைப் பற்றிய பேச்சு, மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கிறதா என்ற கேள்வியோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. 40 மணி நேரக் கேமை அந்தப் பேட்ச்சோடு கடைசிவரை ஆடி முடிக்க வேறு சில விஷயங்கள் சரியாக அமைய வேண்டும். அவற்றில் முதலாவது, பேட்ச் போடப்படும் அடிப்படைக் கோப்பு.

பேட்ச் கோப்புக்குள் கேம் கிடையாது. எந்த இடத்தில் எந்த பைட் மாற வேண்டும் என்ற பட்டியல்தான் இருக்கும். ஜப்பானியக் கார்ட்ரிட்ஜை வாங்கி, ரெட்ரோட் போன்ற கருவியில் சொருகி, அதிலுள்ள கேமின் கோப்பான ரோமை நகலெடுத்துக்கொள்வதே நேர்வழி. அப்படி எடுத்த சூப்பர் ஃபாமிகாம் (நின்டெண்டோவின் 90-களின் கேம் கருவி) கோப்பில் ஹெடர், அதாவது கேமைச் சேராத முன்குறிப்பு, இருக்காது. 90-களின் நகலெடுக்கும் கருவிகளோ கோப்பின் தலையில் 512 பைட் ஹெடர் ஒன்றைச் சேர்த்துவிடும். அந்தக் காலத்துப் பேட்ச்கள் பலவும் அந்த ஹெடரோடு இருக்கும் கோப்புக்காகவே செய்யப்பட்டவை. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

1995-ல் சூப்பர் ஃபாமிகாமில் வந்த செய்க்கென் டென்செட்ஸு 3 ஒரு 32 மெகாபிட் கேம். ஹெடர் இல்லாத கோப்பு 41,94,304 பைட், ஹெடரோடு 41,94,816 பைட். கோப்பின் ‘பிராப்பர்டீஸ்’ பகுதியில் இந்த எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பேட்ச்சோடு வரும் ரீட்மீ குறிப்பு எதைக் கேட்கிறதோ அதைக் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் ஒவ்வொரு மாற்றமும் 512 பைட் தள்ளிப் போய் விழும். பெரும்பாலும் கறுப்புத் திரைதான் வரும். தலைப்புத் திரை மட்டும் ஒழுங்காக வந்து, வசனம் தொடங்கும்போது எழுத்துகள் சிதறுவதும் உண்டு. பேட்ச் போடும் ரோம் பேட்சர் ஜேஎஸ் கருவியில் ஹெடரை நீக்கவும் சேர்க்கவும் ஒரு டிக் பெட்டி இருக்கிறது. கோப்பின் பைட்களை நேரடியாகத் திருத்தும் ஹெக்ஸ் எடிட்டரில் முதல் 512 பைட்டை அழித்தாலும் அதே பலன்.

ஐபிஎஸ் என்ற பழைய பேட்ச் கோப்பு வடிவம் இந்தத் தவறைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. மூன்று பைட் முகவரி, இரண்டு பைட் நீளம், பிறகு எழுத வேண்டிய தரவு, இவ்வளவுதான் அதன் அமைப்பு. கொடுத்த கோப்பு சரியானதா என்று பார்க்க செக்சம் என்ற சரிபார்ப்பு எண் எதுவும் இல்லை. பிபிஎஸ் என்ற புதிய வடிவத்தில் மூலக் கோப்பு, விளைவுக் கோப்பு, பேட்ச் ஆகிய மூன்றுக்குமே சிஆர்சி32 என்ற சரிபார்ப்பு எண் உள்ளே இருப்பதால், கோப்பு தவறென்றால் கருவி அங்கேயே நிறுத்திவிடும். ஒரே மொழிபெயர்ப்பு இரண்டு வடிவிலும் கிடைத்தால் யோசிக்காமல் பிபிஎஸ்ஸை எடுக்கலாம். ஐபிஎஸ் மட்டும்தான் இருக்கிறது என்றால், விண்டோஸில் 7-ஜிப் நிறுவியிருப்பவர்கள் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து சிஆர்சி32-ஐ எடுத்து, ரீட்மீயில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது. பேட்ச் போடும் ஃப்ளிப்ஸ் கருவி முதலில் பேட்ச்சையும் அடுத்து ரோமையும் கேட்கும். விளைவைப் புதிய பெயரில் சேமிக்க வேண்டும். மூல ரோமின் மேலேயே எழுதிவிட்டால், அடுத்த பதிப்பு வரும்போது பேட்ச் போட ரோம் இருக்காது.

2006-ல் நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம்பாய் அட்வான்ஸில் வந்த மதர் 3-க்கு ஐபிஎஸ் பயன்படாது. மூன்று பைட் முகவரி 1,67,77,216 பைட்டுக்கு மேல் எட்டாது. அந்த ரோமின் அளவு 3,35,54,432 பைட். அதனால் 2008 அக்டோபரில் அதன் பேட்ச் யுபிஎஸ் என்ற வேறொரு வடிவில் வந்தது. யுபிஎஸ் இருபக்கமும் வேலை செய்யும்: பேட்ச் போட்ட கோப்பின் மேலேயே அதை மறுபடி போட்டால் சில கருவிகள் ஜப்பானிய மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். ‘பேட்ச் போட்டேன், ஆனாலும் ஜப்பானியம்தான் வருகிறது’ என்பதற்குப் பல சமயம் இதுதான் காரணம்.

மதர் 3 மொழிபெயர்ப்பைப் பற்றி மனம் நிறைந்தே சொல்லலாம். வசனத்தில் சிரிப்பும் துக்கமும் அடுத்தடுத்து வரும் இடங்களில் எதுவும் சிந்தவில்லை. மெனு, பொருள் விளக்கம், சண்டைச் செய்தி வரை எல்லாம் ஒரே கையால் எழுதியதுபோல் இருக்கின்றன. 2024 பிப்ரவரியில் நின்டெண்டோ தன் ஸ்விட்ச் ஆன்லைன் சேவையில் இதைச் சேர்த்தபோதும் ஜப்பானில் மட்டுமே கொடுத்தது. ஆகவே ஆங்கிலத்தில் ஆட இன்றைக்கும் இந்தப் பேட்ச்தான் வழி.

சிக்கல் மொழியில் இல்லை, ஒலியில்தான். சண்டையில் பாட்டின் தாளத்துக்கு ஏற்ப பட்டனைத் தட்டினால் எதிரியின் மேல் 16 அடி வரை தொடர்ந்து விழும். புளூடூத் ஹெட்போனில் ஒலி நூறு மில்லிசெகண்டுக்கு மேல் தாமதமாக வந்து சேரும். காதில் கேட்பதற்குச் சரியாகத் தட்டினாலும் கேமைப் பொறுத்தவரை அது பிந்திய தட்டு. கம்பி ஹெட்போன் போட்டு, பழைய கருவிகளைப் போல நடந்துகொள்ளும் எமுலேட்டர் மென்பொருள்களை இயக்கும் ரெட்ரோஆர்க்கில் 64 மில்லிசெகண்டாக இருக்கும் ஆடியோ லேட்டன்சியை (ஒலித் தாமதத்தை) 32-க்குக் குறைத்தால் பெரிய வித்தியாசம் தெரியும். ஒலி கரகரத்தால் சிறிது ஏற்ற வேண்டும். எதிரி தூங்கும்போது தாளம் மட்டும் தனியாகக் கேட்கும், பழகிக்கொள்ள ஏற்ற நேரம் அது.

சேவ் விஷயத்தில் ஒரு பழக்கம் அவசியம். எமுலேட்டரின் சேவ் ஸ்டேட் என்பது அந்த நொடியின் நினைவகப் படம். அதற்குள் பழைய எழுத்துருவும் பழைய வசன முகவரிகளும் அப்படியே இருக்கும். பேட்ச்சின் புதிய பதிப்புக்கு மாறிய பிறகு பழைய ஸ்டேட்டைத் திறந்தால் எழுத்துகள் சிதறும், அல்லது கேம் உறைந்து நிற்கும். மதர் 3-இல் தவளையிடம் பேசியும், செய்க்கென் 3-இல் சிலையிடமும் செய்யும் கேமின் சொந்த சேவ், பதிப்பு மாறினாலும் பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் அந்த சேவ் கோப்பின் பெயர் ரோமின் பெயரோடு ஒத்திருக்க வேண்டும். ரோமுக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டு சேவ் தொலைந்துவிட்டதாகக் கலங்குபவர்கள், சேவ் கோப்புக்கும் அதே பெயரைக் கொடுத்தால் போதும்.

ரோமை ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜில் (கோப்புகளை ஏற்றிக்கொள்ளும் கார்ட்ரிட்ஜ்) ஏற்றி நிஜக் கருவியில் ஆடுபவர்கள் பழைய பேட்ச்களிடம் கவனமாக இருக்க வேண்டும். திரை வரையப்படும் நேரத்தில் காட்சி நினைவகத்தில் எழுத சூப்பர் ஃபாமிகாம் அனுமதிக்காது. இசட்ஸ்நெஸ் எமுலேட்டர் அனுமதித்தது. அதில் மட்டும் சோதிக்கப்பட்ட பேட்ச் நிஜக் கருவியில் எழுத்துகளைத் தின்றுவிடும். பிஸ்நெஸ் போன்ற துல்லியமான எமுலேட்டரில் முதல் ஒரு மணி நேரத்தை ஆடிப் பார்த்தாலே இது வெளிப்பட்டுவிடும்.

மெனுவில் பொருள்களின் பெயர்கள் குறுகிக் கிடப்பதற்கு மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்லக் கூடாது. ஜப்பானியத்தில் மூன்று நான்கு எழுத்துகளில் முடிந்துவிடும் பெயருக்கு ஆங்கிலத்தில் எட்டு ஒன்பது எழுத்து வேண்டும், ஒதுக்கிய இடமோ மாறாது. எழுத்தின் அகலமும் நிலையானது. மூன்று சுழி ‘ண’வை 8 புள்ளி அகலத்துக்குள் வரைந்து பார்ப்பவருக்கு இந்தச் சிரமம் உடனே விளங்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் அதற்குரிய அகலம் கிடைக்க, கேமின் எழுத்து வரையும் நிரலையே மாற்றி எழுத வேண்டும். மொழிபெயர்ப்பைவிட அதற்கு அதிக மாதங்கள் பிடிப்பது உண்டு.

செய்க்கென் 3-க்கு 2019-ல் ‘டிரையல்ஸ் ஆஃப் மானா’ என்று அதிகாரபூர்வ ஆங்கிலப் பதிப்பு வந்துவிட்டது. ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள் அதையே வாங்கலாம். ஜப்பானியக் கார்ட்ரிட்ஜும் பழைய கருவியும் வைத்திருப்பவர்களுக்கு ரசிகர்களின் அந்தப் பழைய பேட்ச் இன்றும் நன்றாக உழைக்கிறது. ஆறு பேரில் மூவரைத் தேர்ந்தெடுத்து ஆடும் கேம் என்பதால், வேறு மூவரோடு இரண்டாம் முறை தொடங்க எல்லோருக்கும் ஆசை வரும். அதற்குள் கணினி மாறிவிடலாம். மூல ரோம், பேட்ச், ரீட்மீ, சேவ் நான்கையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, ஃபோல்டரின் பெயரிலேயே பேட்ச்சின் பதிப்பு எண்ணையும் எழுதி வையுங்கள்.