கட்டிங் வேர் பிடிக்க வைக்கற டப்பா: ரெண்டரை வருஷ அனுபவம்

வேளச்சேரில ரெண்டாவது மாடி, வடக்கு பாத்த பால்கனி, அகலம் நாலடி கூட இருக்காது. அங்க ஒரு பழைய ஸ்டூல் மேல மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு உக்காந்திருக்கு, துணி மடிச்சு வைக்க விக்கறாங்களே அந்த 40 லிட்டர் டப்பா, உள்ள இருக்கறது வெளிய தெரியற மாதிரி வெள்ளையா இருக்குமே அது. 2022 ஆகஸ்ட்ல இருந்து என் செடி குச்சிங்க எல்லாம் அதுக்குள்ளதான் வேர் விடுது. வாங்கறப்ப நானூத்தி சொச்சம். இதுக்குப் போயி ஒரு ரிவ்யூவான்னு வீட்டுக்காரர் சிரிச்சாரு, ஆனா இதுக்கு முன்னாடி நான் செலவு பண்ண காசும் கொன்ன குச்சியும் எனக்குத்தானே தெரியும்.

முன்னாடி நான் பண்ணது எல்லாரும் பண்றதுதான். யார் வீட்டுக்காவது போனா ஒரு செம்பருத்தி குச்சி, ஒரு நந்தியாவட்டை குச்சி ஒடிச்சிட்டு வந்து தொட்டியில சொருகி, காலையில ஒரு சொம்பு சாயந்திரம் ஒரு சொம்புன்னு தண்ணி ஊத்துவேன். மூணாவது நாள் இலை தொங்கும், அடடா தண்ணி பத்தலன்னு இன்னொரு சொம்பு. பத்தாவது நாள் புடுங்கினா அடி கருப்பா கொழகொழன்னு வரும். பத்துக்கு ஒண்ணு பிழைச்சா பெரிய விஷயம், அதையும் கைராசின்னு சொல்லிக்குவேன். இப்ப யோசிச்சா சிம்பிள்தான், குச்சிக்கு வேரே கிடையாது, கீழ எவ்ளோ ஊத்தினாலும் அதால பெருசா இழுக்க முடியாது, ஆனா மேல இருக்கற இலை பாட்டுக்கு ஈரத்தை வெளிய விட்டுட்டே இருக்கும். வரவு இல்லாம செலவு மட்டும். அதனாலதான் சுத்தி இருக்கற காத்தையே ஈரமா வச்சிட்டா இலை வாடாது, அந்த மூணு நாலு வாரத்துக்குள்ள வேர் வந்துடும்னு இந்த மூடி போடற முறை.

இதை நான் கத்துக்கிட்ட இடம்தான் காமெடி. நெட்ல கட்டிங் பத்தி தேடினா ரொம்ப டீடெய்லா, ஈரப்பதம் எவ்ளோ, சூடு எவ்ளோ, எத்தனாவது நாள்ல வேர் வரும்னு எழுதி வச்சிருக்கறதுல பாதி பேர் கனடா, அமெரிக்காவுல கஞ்சா வளர்க்கறவங்க. கனடாவுல 2018ல இருந்து அது சட்டப்படி ஓகே, இங்க வளர்த்தா ஜெயில். நான் செம்பருத்திக்குத்தான் தேடினேன், அத்தை என் போனை எட்டிப் பாத்துட்டு ஒரு வாரம் என்னை ஒரு மாதிரியே பாத்தாங்க. ஆனா ஒண்ணு, அவங்க எழுதினதுல ஒரு சிக்கல் இருக்கு, அது புரியவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. அவங்க ஊர்ல பனிக்காலம், வீட்டுக்குள்ள ஹீட்டர் ஓடி காத்து காஞ்சு போயிருக்கும், மண்ணு ஜில்லுன்னு இருக்கும். அதனால அடியில ஹீட் மேட், அதாவது கரண்ட்ல சூடாகற விரிப்பு போடு, உள்ள அடிக்கடி ஸ்ப்ரே பண்ணுன்னு சொல்றாங்க. நான் அதை அப்படியே நம்பி ஆன்லைன்ல குட்டி மூடியோட வர்ற 12 குழி டிரேயும் ஒரு ஹீட் மேட்டும் சேத்து 1,900 ரூபாய்க்கு வாங்கினேன். சென்னையில. ஹீட் மேட். இப்ப பூனை அது மேல படுத்துக்குது, கரண்ட் கொடுக்காமலே.

அந்த டிரேயும் சரியில்ல, மூடி உயரம் அஞ்சு இன்ச்தான், ஒரு செம்பருத்தி குச்சி வச்சாலே இலை மூடியில முட்டும், முட்டின இலைல தண்ணி ஒட்டி அங்கதான் முதல்ல பூஞ்சை வரும். குழியும் சின்னது, பொசுக்குன்னு காயும் இல்லன்னா சொதசொதன்னு கிடக்கும். அப்பதான் டப்பாவுக்கு மாறினேன். உள்ள ரெண்டு இன்ச்சுக்கு கழுவின ஜல்லி, அது மேல அடியில ஓட்டை போட்ட டீ கப்புங்க, கப்புக்குள்ள பாதி கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), பாதி ஆத்து மணல், பெர்லைட்னு லேசான வெள்ளைக் குருணை கிடைச்சா மணலுக்கு பதில் அது. ஜல்லியில ஒரு அரை இன்ச் தண்ணி நிக்கும், கப்பு அதைத் தொடாது. அவ்ளோதான் செட்டப்.

கோகோபீட்டை மட்டும் அப்படியே போட்டுடாதீங்க, அதுல உப்பு இருக்கும், ஊறவச்சு நாலஞ்சு தடவை அலசணும். எங்க ஏரியா போர் தண்ணியே உப்பு, அதுல அலசி என்ன பிரயோஜனம்னு கேன் தண்ணியில கடைசி அலசு அலசினேன், அத்தை தலையில அடிச்சிக்கிட்டாங்க. மழைக்காலத்துல மழைத்தண்ணி பிடிச்சு வச்சுக்கிட்டா பெஸ்ட்.

அப்புறம் நான் தலைகீழா புரிஞ்சு வச்சிருந்த மேட்டர். ஈரப்பதம் வேணும்னா எல்லாமே ஈரமா இருக்கணும்னு நினைச்சேன், டப்பாவுலயும் முதல் பேட்ச் 14 குச்சியில 11 அழுகிடுச்சு. காத்துதான் ஈரமா இருக்கணும், மண்ணு இல்ல. மண்ணுல தண்ணி நிறைஞ்சா குச்சியோட வெட்டுவாய்க்கு காத்தே கிடைக்காது, வேர் வர்றதுக்கு அங்க காத்து வேணும். இப்ப நான் பண்றது, கோகோபீட் கலவையை கையில எடுத்து நல்லா இறுக்கி பிழிவேன், ஒரு சொட்டு ரெண்டு சொட்டு வந்தா சரி, ஒழுகினா நிழல்ல பரப்பி காய விட்டுடுவேன். குச்சி சொருகினதுக்கு அப்புறம் பத்து நாளைக்கு கப்புல தண்ணியே ஊத்தறதில்ல. ஸ்ப்ரே அடிச்சாலும் டப்பா சுவத்துல மட்டும், இலை மேல கிடையாது. தினம் சாயந்திரம் ஒரு நிமிஷம் மூடியை திறந்து பழைய காத்தை வெளிய விட்டு மூடிடுவேன். உள்ள ஈரப்பதமும் சூடும் காட்டற ஒரு சின்ன டிஜிட்டல் மீட்டர் போட்டிருக்கேன், ஈரப்பதம் எப்பவும் 90 சதவீதத்துக்கு கிட்டதான் காட்டும்.

ஆனா அந்த மீட்டர்ல நான் பாக்கறது ஈரத்தை இல்ல, சூட்டை. சென்னையில காத்துல ஈரத்துக்கு என்ன பஞ்சம், பிரச்சனையே வெப்பம்தான். 25, 27 டிகிரி இருந்தா வேர் ஜம்முனு வரும், 35 தாண்டினா வேர் வர்றதுக்கு முன்னாடி அழுகல் வந்துடுது. 2023 கத்திரி வெயில்ல ஒரு நாள், காலை ஒன்பது மணி வெயில் ஒரு அரை மணி நேரம்தான் டப்பா மேல பட்டுச்சு, எப்படின்னா எதிர் பில்டிங் கண்ணாடியில பட்டு திரும்பி வந்த வெயில், மீட்டர் 44 காட்டுது. உள்ள இருந்த எட்டு இட்லிப்பூ குச்சியும் வெந்துடுச்சு, நெஜமாவே வேகவச்ச கீரை மாதிரி. அதுல இருந்து ஏப்ரல், மே, ஜூன் டப்பாவுக்கு லீவு. ஆடி மழைக்கு அப்புறம் ஆரம்பிச்சு தை வரைக்கும்தான் ஓட்டறேன். ஐப்பசி கார்த்திகையில வச்சதெல்லாம் சொல்லி வச்ச மாதிரி வருது.

வேர் வர்ற பொடி பத்தி கேப்பீங்க. ஐபிஏன்னு சொல்ற ஹார்மோன் டால்க் பவுடர்ல கலந்து வர்றது. பொடி போட்டது போடாததுன்னு ரெண்டு பக்கமா வச்சுப் பாத்தேன், செம்பருத்திக்கும் நந்தியாவட்டைக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, ரெண்டுமே 25 நாள்ல வந்துச்சு. காகிதப்பூவுக்கும் ரோஜாவுக்கும் பொடி இல்லாம எனக்கு ஒண்ணுகூட தேறல. ஒரு தடவை வாங்கின பாட்டில் சுத்தமா வேலை செய்யல, கடையில வெயில்ல வச்சிருந்தாங்களோ என்னமோ, அது சூட்டுலயும் வெளிச்சத்துலயும் கெட்டுப்போற சாமான். இப்ப பிரிட்ஜ்ல முட்டை பக்கத்துல இருக்கு. கத்தாழை, தேன், பட்டைத்தூள் எல்லாம் ட்ரை பண்ணியாச்சு, பட்டைத்தூள் பூஞ்சைக்கு கொஞ்சம் உதவுச்சு, தேனுக்கு எறும்பு வந்ததுதான் மிச்சம்.

குண்டுமல்லிதான் எனக்கு ரொம்ப பிடிச்ச சக்சஸ். அத்தைக்கு ராமேஸ்வரம் பக்கம், தங்கச்சிமடத்துல மல்லி நாத்து போட்டு ஊர் ஊரா அனுப்பறாங்களே, சின்ன வயசுல அதையெல்லாம் பாத்து வளந்தவங்க. நான் நுனிக் கொழுந்தா பாத்து வெட்டி வச்சு மூணு தடவை கருகினதுக்கு அப்புறம்தான், "பச்சைக் கொழுந்தும் வேணாம், முத்தின கட்டையும் வேணாம், நடுவுல வெட்டு. மொட்டு இருந்தா கிள்ளிப் போடு, பூக்கற குச்சி வேர் விடாது"ன்னாங்க. முதல்லயே சொல்லி இருக்கலாமேன்னா, "நீ போனைத்தானேம்மா கேட்ட"ன்னு ஒரு அடி. கணுவுக்கு கொஞ்சம் கீழ வெட்டி, அடி இலையை எடுத்துட்டு, மேல ரெண்டு இலையை பாதியா நறுக்கி வச்சேன். அஞ்சு வாரம். கப்பு ஓட்டை வழியா வெள்ளை நூல் மாதிரி எட்டிப் பாத்துச்சு பாருங்க.

எல்லாத்துக்கும் இந்த டப்பா ஆகாது. முருங்கைப் போத்தோட ஒரு குட்டித் துண்டை ஆசைக்கு வச்சுப் பாத்தேன், பத்து நாள்ல நாறிடுச்சு, அதெல்லாம் மேல சாணி அப்பி வெட்டவெளியில நட வேண்டிய ஆளு. கற்பூரவல்லியும் இந்த ஈரத்துல அழுகும், அது சும்மா மண்ணுல சொருகினாலே வரும். அரளிக்கு ஒரு பாட்டில் தண்ணி போதும். கறிவேப்பிலையில நான் தோத்துட்டேன், அதுக்கு வேர்ல இருந்து வர்ற கன்னுதான் சரி.

வேர் வந்துடுச்சுன்னு துள்ளிக் குதிச்சு நேரா தொட்டிக்கு மாத்தினீங்கன்னா ஒரே நாள்ல எல்லாம் தலை தொங்கிடும், நான் ஒம்பது கன்னு இப்படி இழந்தேன், அழுகினதை விட அதுதான் வலிச்சுது. ஒரு மாசம் ஏசி ரூம்ல இருந்தவங்கள மத்தியான வெயில்ல நிக்க வச்ச கதைதான். இப்ப முதல் ரெண்டு நாள் மூடியை விரல் அகலத்துக்கு, அப்புறம் கால்வாசி, பாதின்னு பத்து நாள் எடுத்துக்கறேன்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் அப்ப எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி, நாலு நாள் கரண்ட் இல்ல, நாங்க மூணாவது நாள் படகுல ஏறி அண்ணா நகர்ல நாத்தனார் வீட்டுக்குப் போயிட்டோம். திரும்பி வந்தப்ப பிரிட்ஜ்ல இருந்தது எல்லாம் குப்பைக்குப் போச்சு, பொடி பாட்டில் உட்பட. டப்பாவுல இருந்த 16 கப்புல 13 பச்சையா நின்னுச்சு, அதுல மூணு மல்லிக்கு வேரே வந்திருந்துச்சு. அன்னைக்குத்தான் வீட்டுக்காரர் டப்பாவை கிண்டல் பண்றதை நிறுத்தினாரு.

குறைன்னா, மூடி ரெண்டாவது வருஷமே வெளுத்து ஓரத்துல விரிசல் விட்டுடுச்சு, செலோ டேப் போட்டு ஓட்டறேன். சுவத்துல பாசி பிடிக்கும், ஒவ்வொரு பேட்ச்சுக்கும் நடுவுல கழுவி வெயில்ல காய வைக்கணும். ஜல்லித் தண்ணியில கொசுப்புழு ஒரு தடவை வந்துடுச்சு, டெங்கு செக் பண்ண வந்த மாநகராட்சி அக்கா டார்ச் அடிச்சுப் பாத்து நல்லா திட்டிட்டுப் போனாங்க, நியாயம்தான், இப்ப வாரா வாரம் அந்தத் தண்ணியை மாத்தறேன். போன வாரம் கொல்லிமலை போயிட்டு வந்த தம்பி மிளகுக் கொடி ஒரு கட்டு கொண்டு வந்தான், ரெண்டு கணு மூணு கணுவா நறுக்கி ஒம்பது கப்புல வச்சிருக்கேன். இன்னைக்கு எட்டாவது நாள், ஒரு இலை மட்டும் மஞ்சளா இருக்கு, கை அரிக்குது புடுங்கிப் பாக்க, அத்தை பால்கனிக் கதவுகிட்டயே சேர் போட்டு உக்காந்திருக்காங்க.