பெயர்ப் பலகை இல்லாத கடையில் என் பங்க் கேசட்டுகள்

கோயம்புத்தூர் ஒப்பணக்கார வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், துணிக் கிடங்கு ஒன்றின் மேல்மாடியில், பழைய கேசட்டுகளைக் கணினிக் கோப்புகளாக மாற்றிக் கொடுக்கும் கடை ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர்ப் பலகை கிடையாது. படிக்கட்டுச் சுவரில் 'கேசட் மேலே' என்று பெயின்ட்டால் எழுதிய இரண்டு சொற்கள் மட்டுமே உண்டு. அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் திருமண வீட்டு ஒலிப்பதிவுகளையும், காலமான பெற்றோரின் குரலையும், ஊர் நோம்பியில் பதிவு செய்த அண்ணன்மார் கதை உடுக்கடிப் பாட்டையும் கொண்டுவருகிறார்கள். நான் கடந்த மாசி மாதம் திருப்பூரிலிருந்து பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்றில் வைத்துக் கொண்டுபோனவை 22 கேசட்டுகள். அவை எல்லாமே 1976-க்கும் 1983-க்கும் இடையில் வெளிவந்த பங்க் என்னும் வேகமான, முரட்டு ராக் இசையும், அதையொட்டிக் கிளைத்த நியூ வேவ் இசையும். கடைக்காரர் முதல் கேசட்டை ஓடவிட்டு அரை நிமிடம் கேட்டுவிட்டு, "ஏனுங்ணா, இது நாடா கெட்டுப்போனதுனால இப்படிங்களா, இல்லீங்க பாட்டே இப்படித்தானுங்களா?" என்று கேட்டார். அதைக் கேட்டதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. காரணம், இதே கேள்வியைக் கேட்காத ஓர் இடத்தில் நான் ஏற்கெனவே ஏமாந்திருந்தேன்.

இந்த இசை என்னிடம் வந்த வழியைச் சிறிது சொல்ல வேண்டும். 1980-இல் நான் கோயம்புத்தூரில் கல்லூரி மாணவன். பம்பாயில் வேலை பார்த்த என் பெரியப்பா மகன், அந்த ஆண்டு மார்ச் மாதம் த போலீஸ் என்னும் பிரிட்டிஷ் ராக் குழுவினர் பம்பாய்க்கு வந்து நடத்திய நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுப் பித்துப் பிடித்தவராக ஊருக்கு வந்தார். கப்பலில் வேலை செய்த நண்பர்களிடம் எல்பி தட்டுகளை இரவல் வாங்கி, தாமே பதிவு செய்த கேசட்டுகளை அதன்பின் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எனக்கு அனுப்பிவந்தார். பல்லடத்தில் விசைத்தறிகள் இரவு பகலாக ஓடும் வீதியில் வளர்ந்த எனக்கு, இடைவிடாமல் ஒரே வேகத்தில் அடித்துக்கொண்டே போகும் அந்தத் தாளம் அந்நியமாகத் தோன்றவில்லை. பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போனேன், ஓய்வும் பெற்றுவிட்டேன். என் பெரியப்பா மகன் உயிரோடு இல்லை. கேசட்டுகள் மட்டும் இருக்கின்றன.

இவை முறையாக வாங்கியவை அல்ல, பதிவு செய்த நகல்கள் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வீட்டில் பதிவு செய்வது இசையைக் கொன்றுவிடும் என்று பிரிட்டனின் இசைத்தட்டு நிறுவனங்கள் 1981-இல் பெரிய பிரசாரமே நடத்தின. அதே ஆண்டு அமெரிக்காவின் டெட் கென்னடிஸ் என்னும் பங்க் குழுவினர் தங்கள் கேசட் ஒன்றின் ஒரு பக்கத்தை வேண்டுமென்றே வெறுமையாக விட்டு, நீங்களும் பதிவு செய்து உதவலாம் என்று அதன்மேல் அச்சிட்டு விற்றார்கள். நான் இரண்டாவது கட்சி.

முதலில் ஏமாந்த கதை. மூன்றாண்டுகளுக்கு முன், வேறொரு பெருநகரத்தில் உள்ள நிறுவனம் ஒன்றுக்குச் சோதனையாக ஒரே ஒரு கேசட்டைக் கூரியரில் அனுப்பினேன். அது ரமோன்ஸ் என்னும் அமெரிக்கப் பங்க் குழுவின் முதல் ஆல்பம். ஏறத்தாழ 6,400 டாலர் செலவில் பதிவாகி, 1976 ஏப்ரலில் வெளிவந்த அந்தத் தட்டில் 14 பாடல்கள் உண்டு. மொத்தம் 29 நிமிடச் சொச்சம்தான். ஆகவே சி-60 கேசட்டின் ஒரு பக்கத்துக்குள், அதாவது அரை மணி நேரத்துக்குள், முழு ஆல்பமும் அளந்து வெட்டியது போல் அடங்கிவிடும். திரும்பி வந்த கோப்பு இருபத்தேழரை நிமிடம்தான் ஓடியது. அவர்களுடைய கருவி ஐந்து விழுக்காடு வேகமாக ஓடியிருக்கிறது. அதனால் சுருதி ஒரு சுரத்தானத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறி, ஜோயி ரமோனின் தடித்த குரல் பள்ளிக்கூடப் பையனின் குரலாகிவிட்டது. அது போதாதென்று, இரைச்சல் நீக்கும் மென்பொருள் ஒன்றில் போட்டு அலசியும் இருந்தார்கள். அந்த மென்பொருளுக்கு நாடாவின் சீற்றம் எது, ஜானி ரமோன் கம்பிகளை எப்போதும் கீழ்நோக்கியே வீசி எழுப்பும் கிதாரின் கரகரப்பு எது என்று தெரியாது; இரண்டுமே எல்லா அலைவரிசைகளிலும் பரவிக் கிடக்கும் ஓசைகள் என்பதால் இரண்டையும் சேர்த்தே துடைத்துவிட்டது. மிஞ்சியது தண்ணீருக்குள் அமிழ்த்திப்பிடித்த ஏதோ ஒன்று. கர்நாடக இசைப் பதிவாக இருந்திருந்தால் அந்த வேலை ஓரளவு பொறுத்துக்கொள்ளத் தக்கதாக இருந்திருக்கலாம். கரகரப்பே உடம்பாக உள்ள இசைக்கு அது கொலை.

எனவே இம்முறையும் அதே ரமோன்ஸ் கேசட்டையே சோதனைக் கல்லாக வைத்துக்கொண்டேன். அதற்கு இன்னொரு வசதியும் உண்டு. அந்த ஆல்பத்தில் பேஸ் கிதார் இடப்பக்கத்திலும், கிதார் வலப்பக்கத்திலும், குரலும் டிரம்ஸும் நடுவிலும் வரும்படி மிக வெளிப்படையாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஹெட்போனைக் காதில் வைத்தால் ஒரே நொடியில் ஒலிப்பிரிவு சரியா தவறா என்று தெரிந்துவிடும். கடைக்காரர் கொடுத்த முதல் கோப்பில் நேரம் சரியாக இருந்தது, கரகரப்பும் முழுதாக இருந்தது. ஆனால் கிதார் இடப்பக்கம் வந்தது. தொலைபேசியில் சொன்னேன். அவர் வாதாடவில்லை, கேசட் ஓட்டும் டெக்கிலிருந்து கணினிக்குப் போகும் இரண்டு வயர்களும் இடம் மாறிச் செருகப்பட்டிருந்ததை அன்று மாலையே கண்டுபிடித்து, அதற்குள் மாற்றி முடித்திருந்த ஐந்து கேசட்டுகளையும் கட்டணமில்லாமல் மறுபடி ஓட்டினார். ஆறு மாதமாக அந்த வயர்கள் அப்படியே இருந்திருக்கின்றன என்றும், திருமணக் கேசட் கொண்டுவந்தவர்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை என்றும் பின்னர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவருடைய வேலைமுறையைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முழு மதியம் பார்த்தேன். கேசட்டை உடனே ஓட்டுவதில்லை. முதலில் கூட்டைத் திறந்து, நாடாவை, அதிலுள்ள ஒலியைப் படிக்கும் கருவித் தலையோடு அழுத்திப் பிடிக்கும் சிறு கம்பளித் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கிறார். என்னுடையவற்றில் ஏழு கேசட்டுகளில் அது உதிர்ந்திருந்தது. திருகாணி இல்லாத ஒட்டுக் கூடு என்றால் கத்தியால் பிளந்து, நாடாவைத் திருகாணி உள்ள வேறு கூட்டுக்கு மாற்றிவிடுகிறார். வெண்பூஞ்சை பிடித்த இரண்டு நாடாக்களை மென்மையான துணியில் உரசும்படி மெதுவாக ஓடவிட்டுத் துடைத்தார். அறுந்த இடத்தில் என் பெரியப்பா மகன் ஒட்டியிருந்த செலோடேப்பைப் பார்த்து முகம் சுளித்தார். அதன் பசை கசிந்து அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் நாடா ஒட்டுவதற்கென்றே உள்ள ஒட்டுநாடாவைத்தான் பயன்படுத்த வேண்டுமாம்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் முக்கியம். பதிவு செய்த கருவியின் தலை எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் ஓட்டுகிற கருவியின் தலையும் இருந்தால்தான் உச்ச ஒலிகள் மீளும். ஒரு நூலிழை பிசகினாலும் டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலின் கூர்மை போய்விடும். அவர் ஒவ்வொரு கேசட்டுக்கும், ஒவ்வொரு பக்கத்துக்கும், தலையருகே உள்ள சிறிய திருகைத் திருப்பி, இடம், வலம் என்னும் இரு ஒலிகளையும் ஒன்றாகக் கலந்து கேட்டு, எந்த இடத்தில் ஒலி மிகப் பளிச்சென்று திறக்கிறதோ அங்கே நிறுத்துகிறார். எது டால்பி என்னும் சீற்றம் குறைக்கும் முறையில் பதிவானது, எது அப்படி இல்லை என்றும் கேட்டார்; எனக்குத் தெரியவில்லை. இரண்டு விதமாகவும் ஒவ்வொரு நிமிடம் ஓட்டிக் காட்டி, ஹை-ஹாட் என்னும் இரட்டைச் சிம்பல் எதில் இயல்பாக ஒலிக்கிறது என்று என்னையே தீர்மானிக்கச் சொன்னார்.

இரண்டாவது வாரத்தில் ஓர் இரவு ஒன்பது மணிக்கு அழைத்தார். "அண்ணா, நீங்க அட்டையில பதினெட்டுப் பாட்டுத்தானுங்க எழுதியிருக்கீங்க. நாடாவுல பத்தொம்போது இருக்குதுங்க. கடைசிப் பாட்டு வேற யாரோடதுங்களா, வெட்டிரட்டுங்களா?" அது த கிளாஷ் என்னும் பிரிட்டிஷ் பங்க் குழுவின் லண்டன் காலிங் ஆல்பம். 1979 டிசம்பரில் பிரிட்டனில் இரட்டை எல்பியாக, ஒற்றைத் தட்டின் விலைக்கே வெளிவந்தது. கடைசிப் பாடலை முதலில் ஒரு வார இதழோடு இலவசத் தட்டாகக் கொடுப்பதாக இருந்து, அந்த ஏற்பாடு கைகூடாமல் போனதால், உறை அச்சாகி முடிந்த பிறகே ஆல்பத்தில் சேர்த்தார்கள். ஆகவே உறையில் அதன் பெயர் இல்லை. உறையைப் பார்த்துத் தம் அழகான கையெழுத்தில் எழுதிய என் பெரியப்பா மகனின் பட்டியலிலும் இல்லை. வெட்ட வேண்டாம் என்று அவசரமாகச் சொன்னேன். பாடல்களை எண்ணிப் பார்த்து, கணக்கு இடித்ததும் கூப்பிட்டுக் கேட்கிற ஒருவரிடம் நாடாக்களை ஒப்படைத்திருக்கிறோம் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

பஸ்காக்ஸ் என்னும் இங்கிலாந்துப் பங்க் குழுவின் ஸ்பைரல் ஸ்க்ராட்ச் ஓடியபோது நானும் கடையில் இருந்தேன். 1977 ஜனவரியில், கடனாகப் புரட்டிய 500 பவுண்டில் அவர்களே பதிவு செய்து, அவர்களே வெளியிட்ட நான்கு பாட்டுத் தட்டு அது. அதில் ஒரு பாடலின் நடுவில் தனிக் கிதார் என்று வருவது இரண்டே இரண்டு சுரங்கள்தான். அவற்றையே திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டிருப்பார்கள். கடைக்காரர் நாடா சிக்கிக்கொண்டதாக நினைத்துப் பாய்ந்துபோய் நிறுத்திவிட்டார். அந்தத் தட்டைத் தயாரித்த மார்ட்டின் ஹானெட்தான், இரண்டே ஆண்டுகள் கழித்து, 1979-இல், ஜாய் டிவிஷன் என்னும் இங்கிலாந்துக் குழுவின் அன்னோன் பிளெஷர்ஸ் ஆல்பத்தையும் தயாரித்தார். முன்னதில் நான்கு பேரும் ஒரு சிறிய அறையில் முட்டிக்கொண்டு வாசிப்பது போலிருக்கும். பின்னதில் டிரம்ஸ் ஓர் ஆளில்லாத கிடங்கின் அந்தக் கோடியிலிருந்து வரும். ஒரே மனிதர் செய்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவர்கள், பங்க் இசையின் முரட்டுத்தனத்தைத் தொழில்நுட்பக் குறை என்று சொல்ல மாட்டார்கள்.

இரைச்சலைத் துடைக்கவே கூடாது என்ற என் கொள்கை இங்கே சற்று ஆட்டம் கண்டதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஜாய் டிவிஷனின் அமைதியான இடங்களில் நாடாவின் சீற்றம் மழைபோல் கேட்டது. அதில் மட்டும் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள் என்று நானே கேட்டேன். அவர் தொடாத கோப்பு ஒன்று, இலேசாகத் துடைத்த கோப்பு ஒன்று என இரண்டு கொடுத்தார். ஒரு மாதமாக இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கிறேன். இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. பிபிசி உலக சேவையில் ஜான் பீல் நடத்திய நிகழ்ச்சியைச் சிற்றலையில் பிடித்துப் பதிவு செய்த கேசட்டைப் பற்றி அந்தத் தயக்கம் எனக்கு இல்லை. அலை ஏறி இறங்கி, பாட்டு நடுவில் காணாமல் போய்த் திரும்பி வருவது, எங்கள் மொட்டை மாடியில் ஏரியல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற இரவின் ஒலி. அதை ஒருவரும் தொடக்கூடாது.

குறைகளும் உண்டு. பாடல்களைத் தனித்தனியாகப் பிரிப்பதை அவர் கணினியிடம் விட்டுவிடுகிறார். அது மௌனம் எங்கே வருகிறது என்று பார்த்து வெட்டுகிறது. ரமோன்ஸ் பாடல்களுக்கு இடையில் மூச்சுவிடக்கூட இடைவெளி இல்லாததால் மூன்று பாடல்கள் ஒன்றாகவும், ஜாய் டிவிஷன் பாடல் ஒன்று நடுவில் இரண்டாகவும் வந்தன. கோப்புப் பெயர்களில் கிளாஷ் என்பது 'கிளாஸ்' ஆகிவிட்டது. இவ்விரண்டையும் நானே வீட்டில் உட்கார்ந்து சரிசெய்தேன். நீங்கள் பக்கத்துக்கு ஒரு கோப்பாக வெட்டாமல் வாங்கிக்கொள்வது நல்லது. பத்து நாளில் தருவதாகச் சொன்ன வேலை ஐந்து வாரம் ஆயிற்று. படிக்கட்டு செங்குத்து; மூட்டு வலி உள்ளவர்கள் கீழிருந்தே குரல் கொடுத்தால் பையன் வந்து வாங்கிக்கொள்வான்.

கட்டணம் கேசட்டுக்கு 350 ரூபாய். கூடு மாற்றினால் 80 ரூபாய் கூடுதல். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில், சுருக்காத ஒரு வேவ் கோப்பும், கைப்பேசியில் கேட்க ஓர் எம்பி3 கோப்பும் தருகிறார். ஒரு மணி நேரக் கேசட்டின் வேவ் கோப்பு ஏறத்தாழ ஒரு ஜிபி வரும் என்பதால் பெரிய பென்டிரைவாகவே கொண்டுபோங்கள். இதைவிட உயர்ந்த தரம் வேண்டும் என்று கேட்பது, கேசட்டைப் பொறுத்தவரை, குவளைத் தண்ணீருக்கு அண்டா கேட்பது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, மதியம் ஒன்றரை முதல் மூன்றரை வரை ஆள் இருக்க மாட்டார்.

என்னிடம் இன்னும் பதினொரு கேசட்டுகள் இருக்கின்றன: டாக்கிங் ஹெட்ஸ், பிளாண்டி, எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ், இவற்றோடு அட்டையில் ஒன்றுமே எழுதாத இரண்டு. அந்த இரண்டில் என்ன இருக்கிறது என்று வீட்டில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டாம், ஒருவேளை நாடா அறுந்துவிடும், அப்படியே கொண்டுவாருங்கள் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். வருகிற திங்கட்கிழமை காலை ரயிலில் எடுத்துக்கொண்டு போகிறேன்.