அவசரமில்லாமல் செய்யப்பட்ட ஒரு செவித்திறன் பரிசோதனை

என் தாயாருக்கு இடக்காது மந்தமானதும், முதலில் காதுக்கருவி விற்கும் கடை ஒன்றுக்குத்தான் சென்றோம். குளிர்சாதனம் இரைந்துகொண்டிருந்த சாதாரண அறையில், ஹெட்போன் வழியாக மட்டும் ஒலி கொடுத்துப் பத்து நிமிடத்தில் சோதனையை முடித்துவிட்டு, நரம்பு பலவீனம் என்றும் கருவி வைத்தே ஆகவேண்டும் என்றும் சொன்னார்கள். மனம் ஒப்பாததால், ஒரு மருத்துவமனையின் செவித்திறன் பிரிவுக்கு அவரை அழைத்துச் சென்றேன். அங்கே கிடைத்த சேவையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

ஆடியாலஜிஸ்ட் (செவித்திறனைச் சோதிக்கும் நிபுணர்) முதலில் காதுக்குள் விளக்கடித்து, அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, தட்டினால் ஒரே சுருதியில் அதிரும் உலோகக் கவையான 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி, அதன் அடிப்பகுதியை அம்மாவின் நெற்றி நடுவில் வைத்து, ஒலி எந்தப் பக்கம் கேட்கிறது என்று வினவினார். "கேட்காத காதுலதான் நல்லா கேக்குது" என்று அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். தவறாகச் சொல்லிவிட்டோமோ என்ற கலக்கம் அவர் முகத்தில் தெரிந்தது. உண்மையில் அந்தப் பதில்தான் முதல் துப்பு. ஒலி உள்ளே செல்லும் பாதையில் தடை இருந்தால் எலும்பு வழி வரும் ஒலி அந்தக் காதிலேயே ஓங்கிக் கேட்கும். நரம்பில் குறை இருந்தால் நல்ல காதுக்குச் சாயும்.

அடுத்து, ஒலி புகாத அறையில் முறையான ஆடியோமெட்ரி, அதாவது கேட்கும் திறனை அளக்கும் சோதனை. 1000 ஹெர்ட்ஸ் சுருதியில் தொடங்கி, ஒலி கேட்டுப் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் ஒலியளவை 10 டெசிபல் குறைத்தும், கேட்காதபோது 5 டெசிபல் கூட்டியும், மிக மெல்லிய ஒலியின் எல்லையைக் கண்டுபிடிக்கிறார்கள். ஒரே தாளத்தில் ஒலி வந்தால் நோயாளி ஊகித்தே அழுத்திவிடுவார் என்பதால், ஆடியாலஜிஸ்ட் வேண்டுமென்றே இடைவெளிகளை மாற்றிக்கொண்டிருந்ததைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து கவனித்தேன். 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை பார்த்துவிட்டு, மீண்டும் 1000 ஹெர்ட்ஸுக்கு வந்து முதல் அளவோடு ஒப்பிட்டுக்கொண்டார். இந்த ஒரு நிமிட வேலையைக் கடையில் யாரும் செய்யவில்லை.

கடையில் விட்டுப்போன பெரிய பகுதி எலும்புவழிச் சோதனை. காதின் பின்னுள்ள எலும்பில் அதிர்வியை வைத்தால் அதிர்வு மண்டையோடு முழுவதும் பரவி வலக்காதையும் எட்டிவிடும் என்பதால், வலக்காதில் மழை இரைச்சல் போன்ற ஓசையைச் செலுத்தி அதை மறைத்துவிட்டுச் சோதித்தார். ஹெட்போனில், அதாவது காற்றுவழியில், 45 டெசிபல் தேவைப்பட்ட இடக்காதுக்கு எலும்புவழியில் 15 டெசிபலே போதுமானதாக இருந்தது. 30 டெசிபல் இடைவெளி! நரம்பு பழுதாகவில்லை, தடை ஒலி உள்ளே செல்லும் பாதையில்தான் என்பது உறுதியானது. செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரியில், காதுக்குள் காற்றழுத்தத்தை ஏற்றி இறக்கியும் இடக்காதின் கோடு மேடு எழாமல் தட்டையாகவே கிடந்தது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கலாம் என்று விளக்கினார். வயது வந்தவருக்கு ஒரு காதில் மட்டும் நீர் கோத்தால் மூக்கின் பின்புறத்தையும் பார்த்தாக வேண்டும் என்று, அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பியதையும் பாராட்டியாக வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனையில், பதிவு செய்த ஒலிக்குப் பதிலாக ஆடியாலஜிஸ்டே ஒலிவாங்கியில் படித்தார். ஆளுக்கு ஆள் குரல் மாறும் என்பதால், அடுத்த முறை வரும் மதிப்பெண்ணோடு இதை நம்பிக்கையாக ஒப்பிட முடியாது. இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் புரிந்துகொள்ளும் சோதனை அங்கே இல்லவே இல்லை. கூட்டத்தில் பேச்சு பிடிபடவில்லை என்பதே பலருடைய முதல் முறையீடாக இருக்க, அமைதியான அறையில் எடுத்த ஆடியோகிராம் (ஆடியோமெட்ரி முடிவின் வரைபடம்) அதற்குப் பாதி விடைதான் தரும்.

சிகிச்சைக்குப் பின் ஆறு வாரம் கழித்து அதே அறையில், அதே ஆடியாலஜிஸ்டிடம் மறுபடியும் சோதித்தோம். காற்றுவழி அளவு 20 டெசிபலுக்கு வந்திருந்தது. இரண்டு ஆடியோகிராம்களையும் அவர் அருகருகே வைத்து, இடக்காதுக்குரிய நீல நிறப் பெருக்கல் குறிகள் எவ்வளவு மேலேறியிருக்கின்றன என்று அம்மாவின் விரலைப் பிடித்தே தொட்டுக் காட்டினார்.