பெர்கனில் மழை பெய்தால் மலை ரயிலை விடுங்கள், ப்ரிக்கனுக்குள் போங்கள்

நார்வே ஃபியார்டு குரூஸ் புக் செய்தவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: பெர்கனில் நிற்கிற அன்று மழை பெய்தால் என்ன செய்வது? பெய்யும், சந்தேகமே வேண்டாம். வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற ஊர் அது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று ஊரைச் சுற்றியிருக்கும் மலைகளில் முட்டி, சுமையை அங்கேயே இறக்கிவிட்டுப் போகிறது. 2006 அக்டோபர் கடைசியில் பிடித்த மழை 2007 ஜனவரி வரை 85 நாள், ஒரு நாள் விடாமல் பெய்திருக்கிறது. அதனால் வெயில் படங்களைக் காட்டி ஆசை காட்டாமல், மழை நாளில் எது தேறும், எது தேறாது என்று மட்டும் எழுதுகிறேன். நாங்கள் போன அன்றும் காலையிலிருந்து சாயங்காலம் வரை விடவில்லை. கூட வந்தது என் கணவரும், முழங்கால் வலியோடு அத்தையும்.

முதலில் தேறாதது. கப்பலில் விற்கும் பஸ் டூர். நாங்கள் எடுக்கவில்லை, எங்கள் டேபிளில் சாப்பிடும் கோயம்புத்தூர் தம்பதி எடுத்தார்கள். கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, கர்சீஃபால் துடைத்துத் துடைத்துப் பார்த்ததில் பாதி ஊர் போய்விட்டதாம், இறக்கிவிட்ட இடங்களிலும் பத்துப் பதினைந்து நிமிடம்தானாம். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, எல்லாக் கப்பலிலும் இந்த டூர் இருக்கும். பெர்கனுக்கு அது தேவையே இல்லை. பெரும்பாலான கப்பல்கள் ஸ்கோல்டன் துறையில் கட்டுகின்றன. இறங்கி பழைய கோட்டையை ஒட்டியே நடந்தால் பதினைந்து நிமிடத்துக்குள் ப்ரிக்கன் என்ற பழைய மர வீட்டுப் பகுதி வந்துவிடும். அத்தையின் நடைக்கு எங்களுக்குக் கொஞ்சம் கூடவே ஆனது, அவ்வளவுதான்.

அடுத்தது ஃப்ளோய்பானன் மலை ரயில். 1918-லிருந்து ஓடுகிறது, கடல் மட்டத்திலிருந்து 320 மீட்டர் உயரத்துக்கு சில நிமிடங்களில் கொண்டுபோய் விடும், மேலே நின்றால் துறைமுகம், தீவுகள், ஓட்டுக்கூரைகள் எல்லாம் காலடியில் என்பார்கள். மேகம் இறங்கிய நாளில் அங்கே தெரிவது வெறும் வெள்ளை. டிக்கெட் வாங்குவதற்கு முன் மேலே வைத்திருக்கும் கேமராவின் படத்தை போனில் பார்த்துவிடுங்கள். நாங்கள் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை, போகவில்லை. வரிசையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

சரி, ப்ரிக்கன். படகுத்துறையைப் பார்த்து வரிசையாக நிற்கும் சிவப்பு, மஞ்சள், வெள்ளை மர வீடுகள். எல்லாப் போஸ்ட்கார்டிலும் வருவது இதுதான். நிறையப் பேர் எதிரே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு அப்படியே மீன் சந்தைப் பக்கம் போய்விடுகிறார்கள். அந்த முகப்பில் ஒன்றும் இல்லை ஐயா, விஷயம் எல்லாம் பின்னால் இருக்கிறது. இரண்டு வீட்டுக்கு நடுவே ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சந்து இருக்கும், அதற்குள் போங்கள். தரை பலகை, சுவர் பலகை, தலைக்கு மேலே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் நடைமாடம், அதுவும் பலகை. ஒரு வீடு இடது பக்கம் சாய்கிறது, எதிர்வீடு அதன்மேல் சாயப் பார்க்கிறது, நேர்க்கோடு என்று ஒன்றைக்கூடக் காணோம். மழையில் மரமெல்லாம் கறுத்து, ஊறி, ஈரப் பலகை வாசனை அந்தச் சந்து முழுக்க. மேல்மாடங்கள் பாதி மழையைத் தாங்கிக்கொள்வதால் குடையும் வேண்டியிருக்காது.

இந்த இடம் ஏன் இப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் இன்னும் ருசிக்கும். ஹான்சா என்ற ஜெர்மன் வணிகக் கூட்டமைப்பு 1360 வாக்கில் இங்கே கிளை போட்டது. லண்டன், ப்ரூஜ், நோவ்கொரோட், பெர்கன் என்று வெளிநாட்டில் அவர்களுக்கு நான்கு பெரிய கிளைகள். அந்தப் பழைய அமைப்போடு கட்டடங்கள் மிஞ்சியிருப்பது பெர்கனில் மட்டும்தான். வியாபாரம் என்ன தெரியுமா? கருவாடு. வடக்கே லோஃபோட்டன் பக்கம் பிடிக்கும் காட் மீனைத் தலையை வெட்டி, இரண்டிரண்டாக வாலில் கட்டி, மரச்சட்டத்தில் குளிர்காற்றில் தொங்கவிடுவார்கள். உப்பே கிடையாது. இதைச் சொன்னதும் அத்தை நின்றுவிட்டார். தூத்துக்குடிக்காரர், கருவாட்டு விஷயத்தில் யாரையும் நம்ப மாட்டார். "உப்பு போடாம கருவாடா? புழு வச்சிராதா?" வைக்காது, ஏனென்றால் அங்கே மீன் காயும் மாதங்களில் ஈ பறக்காத குளிர். அப்படிக் காய்ந்தது வருடக்கணக்கில் கெடாது. கத்தோலிக்க ஐரோப்பாவில் விரத நாட்களில் இறைச்சி கூடாது, மீன் கூடும், அப்போது சந்தைக்குக் கேட்க வேண்டுமா! வடக்கிலிருந்து மீன் வரும், ஜெர்மானியர்கள் பதிலுக்குத் தானியமும் மாவும் கொடுப்பார்கள், அதுவும் கடனாக. கடன் வாங்கிய மீனவர் அடுத்த வருடமும் அதே வியாபாரியிடம்தான் மீனைக் கொண்டுவர வேண்டும். கடன் கொடுத்துக் கட்டிப்போடும் இந்த வித்தை எந்தக் கடற்கரைக்கும் புதிதில்லை.

சந்துக்குள் மரத்தில் செதுக்கிய பெரிய காட் மீன் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு இருக்கும், அதன் பக்கத்தில்தான் அத்தையின் போட்டோ.

என் கணக்கில் மழை நாளுக்கென்றே செய்த இடம் இதற்குப் பின்னால் மரியா தேவாலயத்தின் அருகே இருக்கும் ஷோட்ஸ்டுயெனெ. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். படகுத்துறை வீடுகள் அத்தனையும் மரம், உள்ளே எண்ணெயும் மீனும், அதனால் அந்த வீடுகளில் நெருப்பே மூட்டக் கூடாது, விளக்கு விஷயத்திலும் கெடுபிடி. நார்வே குளிர்காலத்தில் நெருப்பில்லாமல்! சூடு, சாப்பாடு, பீர், வேலை பழக வந்த பையன்களுக்குப் பாடம், பஞ்சாயத்து எல்லாவற்றுக்கும் தனியாகப் பின்னால் கட்டிய பொதுக்கூடங்கள்தான் இவை. நீளமான கூடம், சுவரை ஒட்டிப் பெஞ்சுகள், பக்கத்தில் நெருப்புக்கென்று தனிச் சமையல்கட்டு. வெளியே நனைந்துவிட்டு உள்ளே வந்து அந்தப் பெஞ்சு வரிசையைப் பார்க்கும்போது, நாள் முழுக்க ஈரக்கிடங்கில் மீன் மூட்டை தூக்கிவிட்டு இங்கே ஓடிவந்திருக்கும் பயிற்சிப் பையன்களின் நிலைமை யாரும் விளக்காமலே புரிந்துவிடுகிறது. வெயில் நாளில் வந்திருந்தால் இதை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டுக் கிளம்பியிருப்பேன்.

இத்தனை கட்டுப்பாட்டுக்கும் பிறகு ஊர் எரிந்துகொண்டேதான் இருந்தது. இன்று நாம் பார்ப்பது 1702 தீக்குப் பிறகு பழைய மாதிரியிலேயே திரும்பக் கட்டியது. 1955-ல் மறுபடியும் ஒரு பகுதி போயிற்று; எரிந்த இடத்தைத் தோண்டியபோது கிடைத்தவைதான் ப்ரிக்கன்ஸ் மியூசியத்தில் இருக்கின்றன. 12-ஆம் நூற்றாண்டு மரக்கட்டட அடித்தளங்கள் கிடைத்த இடத்திலேயே கிடக்க, அதன்மேல் கட்டடத்தை எழுப்பியிருக்கிறார்கள். தோண்டியவர்களுக்கு அந்தக் கரி அடுக்குகளே காலண்டர், எந்தத் தீ எந்த வருடம் என்று தெரிந்ததால் நடுவில் கிடைத்த பொருளின் வயதைச் சொல்ல முடிந்தது. ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்து வெட்டிய குச்சிகள் வேறு, சுமார் 670 கல்வெட்டுகள், இல்லை, மரவெட்டுகள் என்று சொல்ல வேண்டும். எல்லாம் ராஜா மந்திரி சமாச்சாரம் இல்லை. சரக்குக்குப் பெயர்ச்சீட்டு, காதல், கடன். ஒன்றில் 'உன்னை வீட்டுக்கு வரச் சொல்கிறாள் க்யுடா' என்று வெட்டியிருக்கிறது, சாராயக் கடையில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு அனுப்பியது என்று ஊகிக்கிறார்கள். என் கணவர் இதைப் படித்துவிட்டு அடுத்த பெட்டிக்கு வேகமாக நகர்ந்துவிட்டார். உட்கார இடம் உண்டு, கழிப்பறை சுத்தம். ஐந்துக்கு ஐந்து.

கோட்டைக்குள் இருக்கும் ஹோகோன் மன்னரின் கல் மண்டபம் 1261-ல் மகன் மக்னுஸின் கல்யாணத்துக்குத் திறந்தது. 1944 ஏப்ரலில் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்ததில் நாசமாகி, பிறகு புதுப்பித்தது. பெரிய வெற்றுக்கூடம், நேரம் குறைவென்றால் விட்டுவிடலாம். ஓவியப் பிரியர்கள் கோடே மியூசியத்துக்குப் போகலாம், எட்வர்ட் முங்க் வரைந்தவை நல்ல எண்ணிக்கையில் இருக்கின்றன, முழு மதியமும் போய்விடும்.

சாப்பாடு. மீன் சந்தையில் ஒரு கடையில் ஒரு கிண்ணம் சூப்புக்குக் கொடுத்த காசை இங்கே எழுதினால் அம்மா படித்துவிடுவார். சூப்பும் ஆறிப்போயிருந்தது. அதைவிட காங் ஆஸ்கர் தெருவில் 1946-லிருந்து இருக்கும் ட்ரேக்ரோனரன் சாசேஜ் கடை எவ்வளவோ மேல். கடை என்ன, ஒரு ஜன்னல்தான், மழையில் நின்றுகொண்டே தின்ன வேண்டும். ரெயின்டீர் சாசேஜ், மேலே லிங்கன்பெரி ஜாம், கடுகு சாஸ், மொறுமொறு வெங்காயம். புளிப்பும் இனிப்பும் கொழுப்புமாய் குளிரில் அது இறங்குகிற சுகமே தனி. மாடு, பன்றி சாப்பிடாதவர்கள் வாங்குமுன் எதெல்லாம் கலந்தது என்று கேட்டுவிடுங்கள். சைவர்களுக்கு பேக்கரிகளில் ஷில்லிங்ஸ்பொல்லெ என்ற பட்டை வாசனை பன் இருக்கிறது, உள்ளங்கையை விடப் பெரிது, ஒன்றை இரண்டு பேர் தின்னலாம்.

இன்னும் சில. யூரோ மாற்றிக்கொண்டு போகாதீர்கள், அங்கே க்ரோனர், அதுவும் தேவைப்படாது, ஜன்னல் கடை வரை கார்டுதான். நார்வே ஐரோப்பிய யூனியனில் இல்லாவிட்டாலும் ஷெங்கன் விசாதான். கப்பல் சவுத்தாம்ப்டனிலிருந்து கிளம்பினால் பிரிட்டன் விசா தனியாக வேண்டும், திரும்பி அங்கேயே வந்து இறங்குவதால் மறுபடி உள்ளே நுழைய விடும் விசாவா என்று பார்த்து எடுங்கள். துறைமுகக் காற்றில் குடை நிற்காது, தொப்பி வைத்த ரெயின்கோட் எடுத்துக்கொள்ளுங்கள். ப்ரிக்கன் பலகைத் தரையும் வெளியே கருங்கல் பாவிய தெருவும் மழையில் வழுக்கும், முழங்கால் வலி உள்ளவர்கள் நல்ல பிடிப்புள்ள ஷூ போடாமல் இறங்க வேண்டாம். அத்தைக்கு அதைத்தான் வாங்கிக் கொடுத்திருந்தோம், எங்கள் இருவரையும் விட அவர்தான் தைரியமாக நடந்தார்.